ஊரில் பெற்றோர், சுவரில் காமிரா: கேட்டு வைக்கிறார்களா, வைத்துவிட்டு சொல்கிறார்களா?

ஊரில் இருக்கும் தாய், தந்தைக்கு மாதம் பிறந்ததும் மணியார்டர் அனுப்பிவிட்டு, பதில் கடிதத்துக்காக தபால்காரரை எதிர்பார்த்திருந்த காலம் மலை ஏறிவிட்டது. இப்போது பணம் செல்போனிலேயே போய்விடுகிறது. கடிதத்துக்கு பதிலாக படம் வருகிறது. நெல்லை மாவட்டத்து கிராமம் ஒன்றில் தாயார் முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்வதை, கட்கி வெடிமருந்து தொழிற்சாலை வாசலில் ஷிப்டுக்கு நிற்கும் மகன் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

சிறிய உருண்டை வடிவ காமிரா ஒன்று, இரண்டாயிரம் ரூபாயை ஒட்டிய விலைக்கே கடைகளில் கிடைக்கிறது. தலையை இடமும் வலமும் திருப்பும். இருட்டிலும் படம் பிடிக்கும். ஆள் நடமாட்டம் தெரிந்தால் செல்போனுக்கு தகவல் அனுப்பும். அதன் வழியாகவே பேசவும் செய்யலாம். பொங்கலுக்கோ கொடை விழாவுக்கோ ஊருக்கு போகும் மகன், பெட்டியில் இதையும் வைத்துக்கொண்டு போகிறான். லீவு முடிவதற்குள் கூடத்து சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டு ரெயில் ஏறுகிறான்.

செலவு குறைவு, நோக்கமும் நல்லதுதான். ஆனால் மாட்டுவதற்கு முன் யாரிடம் கேட்கப்பட்டது? பெரும்பாலான வீடுகளில் மருமகளிடம் கேட்டிருப்பார்கள், எலக்ட்ரீஷியனிடம் கேட்டிருப்பார்கள். அந்த கூடத்தில் நாள் முழுவதும் உட்காரப்போகும் பெரியவரிடம், "நீங்கள் நல்லா இருக்கணும்னுதான்" என்று தகவலாக சொல்லியிருப்பார்கள். காமிரா மாட்டப்படுவது தாயின் வீட்டில். அதனால் உடனடியாக நிம்மதி அடைபவர் மகன். இரண்டும் ஒன்று அல்ல என்பதில்தான் இந்த விஷயத்தின் சிக்கலே இருக்கிறது.

தனிமை பெருகுகிறது

மகன்களின் கவலையை குறை சொல்வதற்கில்லை. 2011-ம் ஆண்டு மக்கள்தொகை கணக்கெடுப்பின்படி நாட்டில் 60 வயதை கடந்தவர்கள் 10 கோடியே 38 லட்சம் பேர். 2031-ல் இது சுமார் 19 கோடியே 40 லட்சமாகும் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. மாநில வாரியாக பார்த்தால், 2021-ம் ஆண்டு மதிப்பீட்டில் முதியோர் விகிதம் அதிகமுள்ள மாநிலம் கேரளம். அங்கு மக்கள்தொகையில் 16.5 சதவீதம். அடுத்தது தமிழ்நாடு, 13.6 சதவீதம். குடும்ப கட்டுப்பாட்டில் முன்னே நின்ற மாநிலங்கள் முதுமையிலும் முன்னே நிற்கின்றன. ஒன்றோ இரண்டோ பிள்ளைகள், அவர்களும் பிழைப்புக்கு புனே, பெங்களூர், வளைகுடா என்று போய்விட்டால் வீட்டில் எஞ்சுவது இரண்டு பேர். ஒருவர் காலமானால் ஒருவர்.

மும்பை-நாகர்கோவில் எக்ஸ்பிரசில் புனேயில் ஏறினால் நெல்லையில் இறங்குவதற்குள் ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்துவிடும். அதற்கும் டிக்கெட் கன்பர்ம் ஆக வேண்டும். "அம்மா போன் எடுக்கவில்லை" என்ற ஒரு காலை நேரத்தில் அந்த தூரம் எவ்வளவு என்பது, இங்குள்ள தமிழ் குடும்பங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குளிக்க போயிருப்பார், கோவிலுக்கு போயிருப்பார், போன் சார்ஜ் இல்லாமல் கிடக்கும். ஆனால் மனம் அப்படி நினைப்பதில்லை.

அந்த பயத்திலும் நியாயம் உண்டு. உலக சுகாதார நிறுவன கணக்குப்படி ஆண்டுக்கு சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுந்து உயிரிழக்கிறார்கள். அதில் அதிகம் பேர் 60 வயதை தாண்டியவர்கள். விழுவதைவிட, விழுந்தபின் எழமுடியாமல் தரையில் கிடக்கும் நேரம்தான் பல சமயம் ஆளை முடக்குகிறது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் 90 வயதை கடந்தவர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2008-ல் வெளியானது. உதவி கேட்க அழுத்தும் பொத்தான் பலரிடம் இருந்தது. ஆனாலும் தனியாக விழுந்து எழமுடியாமல் கிடந்த சமயங்களில், ஐந்தில் நான்கு முறை அது அழுத்தப்படவே இல்லை. கைக்கு எட்டவில்லை, நினைவுக்கு வரவில்லை, "பிள்ளைகளுக்கு ஏன் தொல்லை" என்ற தயக்கம் என்று பல காரணங்கள் இருக்கலாம்.

காமிராவுக்கு ஆதரவாக பேசுபவர்களின் வலுவான வாதம் இதுதான். பொத்தானை முதியவர் அழுத்த வேண்டும். காமிராவுக்கு அவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

தெருவில் சரி, வீட்டில்?

காமிரா என்ற பொருளுக்கு புனே மக்கள் புதியவர்கள் அல்ல. 2010 பிப்ரவரி 13-ந்தேதி கோரேகாவ் பார்க்கில் ஜெர்மன் பேக்கரியில் குண்டு வெடித்து 17 பேர் பலியானார்கள். 2012 ஆகஸ்டு 1-ந்தேதி ஜங்கிலி மகராஜ் ரோட்டில் தொடர் குண்டுகள் வெடித்தன. அதன்பின் நகரின் சந்திப்புகளில் வரிசையாக கண்காணிப்பு காமிராக்கள் வந்தன. யாரும் எதிர்க்கவில்லை. சொசைட்டி கேட்டில் வந்தது, லிப்டில் வந்தது, மளிகை கடை கல்லாவுக்கு மேலே வந்தது. எல்லாம் திருடனுக்காக என்று மக்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

வீட்டு கூடம் வேறு கணக்கு. தெருவில் மனிதன் நாலு பேருக்கு முன்னால் நடக்கும் நடையை நடக்கிறான். வீட்டில் வேட்டியை தளர்த்திவிட்டு படுக்கிறான். தாயார் வெயில் தாளாமல் முந்தானையை எடுத்து விசிறிக்கொள்வார். ராத்திரி இரண்டு மணிக்கு தூக்கம் வராமல் பழைய பெட்டியை திறந்து துணிமணிகளை எடுத்து பார்ப்பார். பக்கத்து வீட்டு அம்மாள் வந்தால் மருமகளை பற்றி நாலு வார்த்தை சொல்வார். காமிரா வந்தபின் அந்த நாலு வார்த்தை நின்றுவிடும். பேச்சு நின்றால் பக்கத்து வீட்டு அம்மாளும் வரத்து குறைந்துவிடும். "நாம பேசுறது பூனாவில கேக்குமாம்" என்று தெருவில் ஒருவர் சொன்னால் போதும். ஆபத்து நேரத்தில் முதலில் ஓடிவரக்கூடிய ஆளை, ஆபத்தை பார்க்க வைத்த கருவியே வாசலோடு நிறுத்திவிடுகிறது. விலைப்பட்டியலில் எழுதப்படாத செலவு இது.

இன்னொன்று, சுவரில் இருந்து திடீரென்று வரும் குரல். "அப்பா, மாத்திரை சாப்பிட்டாச்சா?" என்பதில் அன்பு இருக்கிறது. "ஏம்ப்பா இன்னும் குளிக்கலை? ஏன் மறுபடியும் காபி? அந்த ஆளை எதுக்கு உள்ளே விட்டீங்க?" என்று அது வளரும்போது, நாற்பது வருடம் குடும்பத்தை நடத்தியவர் மகனுக்கு கணக்கு சொல்லும் நிலைக்கு வந்துவிடுகிறார். அவர் எதிர்ப்பை வாய்விட்டு சொல்லமாட்டார். துண்டை காயப்போடுவது போல காமிரா மேல் போட்டுவிடுவார். "கரண்டு இல்லை" என்பார். பிளக்கை பிடுங்கிவிட்டு மறந்ததாக சொல்வார். இதை முதியோரின் பிடிவாதம் என்று தள்ளிவிடுவது சுலபம்.

வெளிநாடுகளில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஜெர்மனியில் ஆக்கன் நகர பல்கலைக்கழகத்தார் நடத்திய ஆய்வுகளில், வீட்டில் வைக்கக்கூடிய உதவிக்கருவிகளில் மக்கள் மிகவும் தயங்குவது காமிராவுக்குத்தான் என்று தெரியவந்தது. அதிலும் படுக்கையறை, குளியலறை என்றால் மறுப்பு அதிகம். ஆனால் அந்த இரண்டு இடத்தில்தான் முதியோர் அடிக்கடி விழுகிறார்கள் என்பது சங்கடமான உண்மை.

அமெரிக்காவில் மிசவுரி மாநிலத்தில், பல்கலைக்கழகத்தின் துணையோடு நடக்கும் 'டைகர் பிளேஸ்' என்ற முதியோர் குடியிருப்பில் ஒரு வழி கண்டார்கள். காமிரா பார்ப்பதை அப்படியே அனுப்பாமல், உருவத்தை வெறும் நிழலாக மாற்றி அனுப்புவது. முகம் தெரியாது, உடை தெரியாது. நிற்கிறாரா, உட்கார்ந்தாரா, விழுந்தாரா என்பது மட்டும் தெரியும். முழு படத்துக்கு முகம் சுளித்த முதியோர், நிழலுருவத்துக்கு அவ்வளவு எதிர்ப்பு காட்டவில்லை. அங்கே தகராறு கண்காணிப்போடு இல்லை, எவ்வளவு தெரிய வேண்டும் என்பதோடுதான். கடையில் இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கும் காமிராவில் இந்த வசதியை எதிர்பார்க்க முடியாது. அது எல்லாவற்றையும் காட்டும்.

மகன் மட்டும்தான் பார்க்கிறானா?

காட்டுவதோடு நிற்பதில்லை, சேமித்தும் வைக்கும். மெமரி கார்டில் சேமித்தால் வீட்டோடு இருக்கும். மாத சந்தா கட்டி கம்பெனி கம்ப்யூட்டரில் சேமித்தால் அது எங்கே இருக்கிறது என்று வாங்கியவருக்கு தெரியாது. மேலும், காமிராவுடன் வரும் பாஸ்வேர்டை மாற்றாமல் அப்படியே விட்டுவிடுபவர்கள் ஏராளம்.

அதன் விளைவை 2025 பிப்ரவரியில் நாடு பார்த்தது. குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்குள் பெண் நோயாளிகள் பரிசோதிக்கப்பட்ட காட்சிகள், காமிராவில் இருந்து திருடப்பட்டு விற்பனைக்கு வந்தன. கைதானவர்களில் மராட்டியத்தை சேர்ந்தவர்களும் இருந்தார்கள். பூட்டை உடைத்து திருடவில்லை. எவரும் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டை போட்டு திறந்திருக்கிறார்கள். அதே ஆண்டு ஏப்ரல் முதல், கண்காணிப்பு காமிராக்களை பாதுகாப்பு பரிசோதனையில் தேறியபிறகே விற்கலாம் என்ற மத்திய அரசின் விதி அமலுக்கு வந்தது. வாங்குபவர்கள் எஸ்.டி.கியூ.சி. சான்று இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்கலாம். ஏற்கனவே சுவரில் தொங்கும் பழைய காமிராக்களுக்கு பாஸ்வேர்டை மாற்றுவதுதான் உடனடி வழி.

சட்டம் எந்த பக்கம்?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் பெஞ்ச் ஒருமனதாக தீர்ப்பளித்தது. வீட்டுக்குள் காமிரா என்ற கேள்வி 2025-ல் கொல்கத்தாவில் இருந்து வந்தது. ஒரே வீட்டில் குடியிருக்கும் அண்ணன், தம்பி. ஒருவர் வசிக்கும் பகுதியில் மற்றவர் காமிரா வைத்தார். கூட வசிப்பவரின் சம்மதம் இல்லாமல் குடியிருப்பு பகுதிக்குள் காமிராவை இயக்கக்கூடாது என்று கல்கத்தா ஐகோர்ட்டு கூறியது. அப்பீலை ஏற்க சுப்ரீம் கோர்ட்டு மறுத்துவிட்டது. பாதுகாப்புக்காகத்தான் வைத்தேன் என்ற வாதம் எடுபடவில்லை.

தந்தைக்கும் மகனுக்கும் இடையே இப்படி வழக்கு வருமா என்றால், வராது. நம் வீடுகளில் தாய் மகன் மேல் கேஸ் போடுவதற்கு முன் சாப்பிடாமல் படுத்துவிடுவார். ஆனாலும் அந்த தீர்ப்பின் உள்ளர்த்தம் இங்கும் பொருந்தும். ரத்த பாசம் சம்மதத்துக்கு ஈடாகாது.

2023-ம் ஆண்டு தனிநபர் தகவல் பாதுகாப்பு சட்டம் இதில் உதவுமா என்று பலர் கேட்கிறார்கள். சொந்த, வீட்டு காரியத்துக்காக ஒருவர் தகவல் சேகரித்தால் அந்த சட்டம் பொருந்தாது என்று அதிலேயே விலக்கு இருக்கிறது. காட்சிகளை சேமித்து வைக்கும் கம்பெனிக்கு பொருந்தும். அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. கம்பெனிகளின் முக்கிய பொறுப்புகள் அமலுக்கு வர, வெளியான நாளில் இருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. உடல் மறைவிடங்களை சம்மதமின்றி படம் பிடித்தாலோ அனுப்பினாலோ, தகவல் தொழில்நுட்ப சட்டத்தின் 66-இ பிரிவில் 3 ஆண்டு வரை ஜெயில் அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. பெற்றோர் பராமரிப்புக்கான 2007-ம் ஆண்டு சட்டம் உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் ஆகியவற்றை பிள்ளைகளின் கடமையாக சொல்கிறது. பார்த்துக்கொண்டே இருக்கும் உரிமையை பற்றி அதில் ஒன்றும் இல்லை.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 2001-லேயே இதற்கு சட்டம் போட்டது. முதியோர் பராமரிப்பு இல்லத்து அறையில் குடும்பத்தார் காமிரா வைக்கலாம். ஆனால் அந்த முதியவர் சம்மதிக்க வேண்டும். அவருக்கு சுயநினைவு இல்லையென்றால் சட்டப்படியான காப்பாளர் சம்மதிக்க வேண்டும். அதே அறையில் வேறொருவர் இருந்தால் அவர் சம்மதமும் வேண்டும். காமிரா இருப்பதை போர்டு எழுதி மாட்டவும் வேண்டும்.

இந்த கடைசி நிபந்தனை இங்குள்ள தமிழர்களுக்கு இன்னொரு வகையில் முக்கியம். கோத்ரூட், அவுந்த், பாணேர் பகுதிகளில் பிள்ளைகளை அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பிவிட்டு தனியாக இருக்கும் முதியோர் நிறைய. அந்த வீடுகளில் சமையலுக்கும் நோயாளியை கவனிக்கவும் போகும் பெண்களில் தமிழ் பெண்களும் இருக்கிறார்கள். காமிரா பெரியவரை பார்க்கும்போது அந்த பெண்ணையும் பார்க்கிறது. பராமரிப்பாளர் அடித்தார், பட்டினி போட்டார் என்ற கொடுமைகள் காமிராவால் வெளிவந்தது உண்டு. அதனால் வைப்பதை தவறு என்று சொல்ல முடியாது. இரவு தங்கும் பெண் உடை மாற்றும் அறையில், சொல்லாமல் வைப்பதை எந்த நியாயத்திலும் சேர்க்க முடியாது. வேலைக்கு சேரும் அன்றே "எந்தெந்த அறையில் காமிரா இருக்கிறது?" என்று கேட்பது, சம்பளம் எவ்வளவு என்று கேட்பதைப்போல சாதாரணமாக வேண்டும்.

பார்த்தபிறகு என்ன செய்வது?

ஒரு குமாஸ்தா புனே ஆபீசில் இருந்தபடி ஊரில் தகப்பனார் விழுந்ததை செல்போனில் பார்த்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். கை தானாக 108-ஐ அழுத்தும். ஆனால் புனேயில் இருந்து அழைத்தால் மணி அடிப்பது மராட்டிய மாநில கட்டுப்பாட்டு அறையில். தமிழ்நாட்டு கிராமத்துக்கு வண்டி அனுப்ப அவர்களால் ஆகாது. ஊரில் இருக்கும் ஒருவர்தான் அங்கிருந்து 108-ஐ அழைக்க வேண்டும். அவர் யார், அவர் நம்பர் செல்போனில் இருக்கிறதா, அவரிடம் மாற்றுச்சாவி இருக்கிறதா, உள்தாழ்ப்பாள் போட்டு தூங்கும் வழக்கமா என்பதெல்லாம் காமிரா வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள். மின்தடை வந்தால் ரூட்டர் அணைந்து படம் நின்றுவிடும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். படம் நின்றுபோன அந்த அரை மணி நேரத்தில் மகன் படும் பாடு, காமிரா இல்லாத நாட்களில் படாத பாடு.

புனேயில் முதியோருக்கென்றே கட்டப்பட்ட 'அதஸ்ரீ' போன்ற குடியிருப்புகளில் வீட்டுக்குள் அவசர மணி உண்டு. அடித்தால் கீழே இருந்து ஆள் வருவார். அங்கே விலை மணிக்கு அல்ல, ஓடிவரும் ஆளுக்கு. கிராமத்தில் அந்த ஆள் இலவசமாக எதிர்வீட்டில் இருக்கிறார்.

காமிரா இல்லாமலே தகவல் அறியும் வழிகளும் உண்டு. ஜப்பானில் ஜோஜிருஷி என்ற கம்பெனி 2001-ல் ஒரு வெந்நீர் கெட்டிலை விற்பனைக்கு கொண்டுவந்தது. முதியவர் தேநீருக்காக அதில் தண்ணீர் பிடித்தால், அந்த விவரம் வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு போய்விடும். அவர் என்ன உடுத்தியிருக்கிறார், யாரோடு பேசுகிறார் என்பது தெரியாது. எழுந்து நடமாடுகிறார், தேநீர் போட்டுக்கொண்டார் என்பது மட்டும் தெரியும். பெரும்பாலான மகன்களுக்கு காலை ஏழு மணிக்கு அது தெரிந்தால் போதும். கதவு திறந்ததை மட்டும் சொல்லும் சிறிய கருவிகள் இங்கேயும் கிடைக்கின்றன.

காமிராவே வேண்டும் என்று முடிவு செய்யும் குடும்பங்கள், பெரியவரை உட்காரவைத்து அவர் முகமே செல்போனில் எப்படி தெரிகிறது என்று முதலில் காட்டலாம். எந்த இடத்தில் மாட்டுவது என்பதை அவரே சொல்லட்டும். வாசலும் கூடமும் போதும் என்பார். படுக்கையறை வேண்டாம் என்றால் அத்துடன் விட்டுவிட வேண்டும். அணைக்கும் சுவிட்ச் அவர் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். அவர் அணைத்தால் ஏன் என்று கேட்கக்கூடாது. யார் யார் செல்போனில் படம் வருகிறது என்பதும் அவருக்கு தெரியவேண்டும். மகன் பார்ப்பதற்கு சம்மதித்தவர், மருமகளின் தம்பி பார்ப்பதற்கு சம்மதித்ததாக ஆகாது. பேசுவதானால் முதலில் போன் மணி அடிக்கட்டும். சுவர் பேச வேண்டாம்.

ஞாபக மறதி நோய் முற்றி, வீட்டை விட்டு வெளியேறி வழி தெரியாமல் திரியும் நிலையில் உள்ளவர்கள் விஷயம் வேறு. அவர்களிடம் சம்மதம் கேட்டு பதில் பெற முடியாது. அங்கே காமிரா மட்டும் வைத்துவிட்டு ஆள் வைக்காமல் இருப்பதுதான் பெரிய தவறு.

முதியோருக்கான உதவி எண் 14567. 2021 அக்டோபர் 1-ந்தேதி நாடு முழுவதும் தொடங்கப்பட்டது. கட்டணம் கிடையாது. மராட்டியத்தில் இதை நடத்தும் பொறுப்பு புனேயை சேர்ந்த ஜனசேவா பவுண்டேசனிடம் தரப்பட்டது. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை பேசலாம். இரவு 8 மணிக்கு மேல் எதிர்வீட்டுக்காரரின் நம்பர்தான்.